வீடு விற்கும்போது கண்ணாடிக்குள் பனி

புதுச்சேரி முத்தியால்பேட்டை, சோலை நகர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டை விற்பது என்று முடிவானதும் புரோக்கர் வந்து சுற்றிப் பார்த்தார். பட்டா, வில்லங்கம், வரி ரசீது எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் மாடி பெட்ரூம் ஜன்னல் முன்னால் நின்று, "தம்பி, பார்ட்டியைக் காலையில கூட்டிட்டு வர வேணாம், மதியம் ரெண்டு மணிக்கு வரச் சொல்றேன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கு அந்த ஜன்னலைப் பார்த்தால் யாரோ உள்ளே இட்லி அவிக்கிறார்கள் என்று தோன்றும். மதியம் பார்த்தால் கண்ணாடி பளிச்சென்று இருக்கும், எதிர்வீட்டுத் தென்னை ஓலையைக்கூட எண்ணலாம்.

அம்மாவைப் பொறுத்தவரை அது அழுக்கு. செய்தித்தாளைக் கசக்கி விபூதி தொட்டுக் கண்ணாடி துடைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. உள்பக்கம் துடைத்தார், போகவில்லை. என்னை சன்ஷேடில் இறக்கி வெளிப்பக்கம் துடைக்க வைத்தார், அதுவும் போகவில்லை. விரலால் கோடு இழுத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கோடு விழவில்லை. அப்போதுதான் உறைத்தது, எங்களுடையது இரட்டைக் கண்ணாடி ஜன்னல், ஈரம் இருப்பது இரண்டு கண்ணாடிக்கும் நடுவில். ஏசி ஓடும் அறையில் இரவெல்லாம் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் வியர்ப்பது கடலோர ஊரில் சகஜம், அதைத் துணி எடுத்துத் துடைத்தால் போய்விடும். இது போகாது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எங்கள் பழைய மர ஜன்னல்களில் பாதி காணாமல் போனது. அதற்கப்புறம்தான் அப்பா யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் சட்டமும் டபுள் கிளாஸும் போட்டார். சத்தம் கேட்காது, சூடு வராது என்று பெருமை. சத்தம் உண்மையிலேயே குறைந்தது. சூடு விஷயத்தில் அரை உண்மை: வெளிக்காற்றின் சூடு கண்ணாடி வழியாக உள்ளே ஏறுவது, ஒற்றைக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் சுமார் பாதியாகும், ஆனால் நேராக விழுகிற வெயிலை வெறும் வெள்ளைக் கண்ணாடி இரண்டு போட்டாலும் பெரிதாகத் தடுக்காது, அதற்குத் திரைச்சீலைதான்.

இந்தக் கண்ணாடியின் கதை எளிது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஓரம் முழுக்க ஒரு அலுமினியப் பட்டி ஓடும், அதற்குள் ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்ன மணிகள் இருக்கும், மாத்திரை டப்பாவில் போடுகிற பொட்டலம் மாதிரி. பட்டியைக் கண்ணாடியோடு ஒட்டுவது பியூட்டைல் என்கிற கறுப்புப் பசை, அதற்கு வெளியே சிலிக்கானோ பாலிசல்ஃபைடோ இன்னொரு பசைச் சுற்று, இரண்டும் சேர்ந்ததுதான் சீல். பகலில் உள்ளே அடைபட்ட காற்று சூடேறி விரியும், ராத்திரி சுருங்கும். தினமும் இந்தத் தள்ளுமுள்ளு நடக்கும்போது என்றைக்காவது ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டால், அந்தி நேரத்தில் வெளிக்காற்றை உள்ளே இழுக்க ஆரம்பிக்கும். இங்கே வெளிக்காற்று என்றால் கடல்காற்று. மணிகள் முடிந்தவரை ஈரத்தைக் குடிக்கும், நிரம்பியதும் கைவிட்டுவிடும், அப்புறம் பனிதான்.

சரி செய்ய மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதல் ஆள் சட்டத்தோடு முழு ஜன்னலையும் மாற்றவேண்டும் என்றார். இரண்டாவது ஆள் கண்ணாடியில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே கழுவி உலர்த்தி மூடித் தருவதாகச் சொன்னார். அப்படி ஒரு முறை இருப்பது உண்மைதான், ஆனால் எங்களுடையது டஃபன் செய்த, அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கிய கண்ணாடி, மூலையிலேயே முத்திரை இருக்கிறது, அதில் டிரில் வைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். சாதாரணக் கண்ணாடியாக இருந்து ஓட்டை போட்டாலும் பனி மறையுமே தவிர போன சீல் திரும்பி வராது. வெளியே சுற்றி சிலிக்கான் பூசுவதும் அப்படித்தான், உள்ளே இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கிற வேலை.

மூன்றாவது ஆள்தான் சரியான கேள்வி கேட்டார்: "சட்டம் நல்லாத்தானே இருக்கு, கிளாஸ் மட்டும் மாத்தினா போதாதா?" போதும். யுபிவிசியில் கண்ணாடியைப் பிடித்திருப்பது பீடிங் என்கிற ஓரப் பட்டை மட்டும்தான். பட்டிக் கத்தியை நுழைத்து, நீளமான பீடிங்கை நடுவில் நெம்பினார், டக்கென்று கழன்றது.

கீழ் பீடிங் வந்ததும் இருவரும் சிரித்துவிட்டோம். உள்ளே ஒரு விரல்கடை தண்ணீர், கறுத்த மணல், செத்த எறும்புகள் ஒரு கைப்பிடி. சட்டத்தின் அடியில் மழைநீர் வெளியே போக நீளவாக்கில் சின்ன ஓட்டைகள் இருக்கும். எங்கள் வீட்டில் அத்தனையிலும் எம்-சீல். எறும்பு வருகிறது என்று அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. மழைக்கு மழை வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியின் அடிவிளிம்பை ஊறவைத்திருக்கிறது. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் கொட்டியது இதற்கு மேல் ஒரு முக்கு. பட்டியில் மங்கலாக 2013 என்று அச்சிட்டிருந்தது. அப்பாவின் கோப்பில் பில்லைத் தேடி எடுத்தேன், வாரன்டி பத்து வருஷம், முடிந்துவிட்டது.

மொத்தம் பதினோரு ஜன்னல், நான்கில் சீல் போயிருந்தது. இதில் அளவுதான் உயிர். நீள அகலம் மட்டும் சொன்னால் போதாது, இரண்டு கண்ணாடியும் இடைவெளியும் சேர்ந்த கனத்தையும் சொல்லவேண்டும். எங்களுடையது 6-12-6, ஆக 24 மில்லிமீட்டர். கனம் மாறினால் பழைய பீடிங் உட்காராது. கண்ணாடி அடியில் பிளாஸ்டிக் கட்டைகள் மேல்தான் நிற்கும், அதனால் சுற்றிலும் சில மில்லிமீட்டர் குறைத்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். டஃபன் செய்தபின் ஒரு நூல்கூட வெட்ட முடியாது, தப்பாக எழுதினால் காசு போச்சு. அவர் அளந்ததை நானும் ஒருமுறை அளந்தேன், கோபித்துக்கொள்ளவில்லை. சென்னையிலிருந்து கண்ணாடி வர இரண்டு வாரம். முழு ஜன்னலுக்கு முதல் ஆள் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இடையில் ஒரு பார்ட்டி, புரோக்கருக்கே தெரியாமல், பீச் ரோட்டில் நடந்துவிட்டுக் காலை ஏழு மணிக்கே வந்து நின்றார்கள். பனியைப் பார்த்து "சுவர்ல ஓதமா?" என்று கேட்டு, நான் விளக்குவதற்குள் ஒன்றரை லட்சம் குறைத்துப் பேசினார்கள். நாலு கண்ணாடிக்கு ஒன்றரை லட்சம்! வாங்குகிறவர் கண்ணுக்கு ஜன்னல் ஜன்னலாகத் தெரியாது, ஒரு முழு மழைக்காலமாகத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மூன்று கண்ணாடியை மாற்றினேன். நான்காவது மாடிப்படி வளைவில் இருப்பது, அதில் ஈரம் பல வருஷம் தங்கிக் கண்ணாடியையே அரித்து வெள்ளைத் திட்டாக்கிவிட்டது, சாரம் கட்டாமல் எடுக்கவும் முடியாது. அதை அப்படியே விட்டு, வருகிறவர்களிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். புரோக்கருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவே, விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஒரு ஜன்னல் அந்த அளவுக்கு வருமா என்று வக்கீல்கள் வாதாடலாம். மதியம் இரண்டு மணிக்கு ஆளை வரவழைத்துக் காட்டுவது என் மனசுக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் வாங்கியவர் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்காவது கண்ணாடியைக் காட்டினேன், தடவிப் பார்த்தார், அதற்குண்டான தொகையைக் கழித்துக்கொண்டார், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஜன்னல் அடியில் குனிந்து, நான் சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்தித் திறந்துவிட்ட ஓட்டைகளைப் பார்த்தார்.

"இது எதுக்கு, மூடிடலாமா? எறும்பு வரும்போல இருக்கே."

"வரும் சார்," என்றேன். "மூடாதீங்க."