ஆஸ்பெண்டோஸ் ஸ்டேட்டர்: வாங்கும் முன் நான் பார்க்கும் வரிசை

விளையாட்டும் போரும் ஒரே கிரேக்க வெள்ளிக் காசில் வேண்டுமென்றால் என் முதல் தேர்வு ஆஸ்பெண்டோஸ் ஸ்டேட்டர்தான். இன்றைய துருக்கியின் தென்கரைக்கு அருகே, பாம்பிலியாவில் இருந்த நகரம் அது. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் காசுகளில் ஒருபுறம் பிடிபோட்டு நிற்கும் இரு மல்லர்கள். மறுபுறம் கவண் வீசும் வீரன், பக்கத்தில் மூன்று கால்கள் சேர்ந்த சின்னம். அதற்கு முந்தைய வகையில் மல்லர்கள் இல்லை, கேடயமும் ஈட்டியும் ஏந்திய வீரன் இருப்பான்.

முதலில் எடை. 0.01 கிராம் காட்டும் தராசு போதும். நல்ல காசு பெரும்பாலும் 10.5 முதல் 11 கிராம் வரை நிற்கும். ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால், செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய அக்காலப் போலியாகவே இருக்கலாம்.

அடுத்து அடர்த்தி. தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். 10.80 கிராம் காசுக்குத் தராசு 1.04 காட்டினால் அடர்த்தி 10.38, நல்ல வெள்ளி. காசில் ஒட்டிய காற்றுக்குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும், தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். உள்ளே அரித்துப்போன காசும் குறைவாகவே காட்டும். அது கீழே விழுந்தால் பிஸ்கட்போல உடையும். ஒலியதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவே கூடாது.

பிறகு பத்து மடங்கு லென்ஸ். மல்லர்களின் கைகள் பிணையும் இடத்தைப் பாருங்கள். அச்சில் அடித்த காசில் தேய்மானம் மேட்டில் மட்டும் இருக்கும், பள்ளத்தில் கோடு கூர்மையாக நிற்கும். வார்ப்புப் போலியில் மேடு பள்ளம் இரண்டுமே மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பில் ஒட்டுக்கோடோ, அதை அராவிய தடமோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறந்திருப்பது இயல்பு. ஆனால் விளிம்பு விரிசலும் படம் விலகிய அளவும் அப்படியே ஒத்துப்போனால் வாங்காதீர்கள். கையால் தனித்தனியாக அடித்த காசுகளில் அது நடக்காது.

இந்த வகையில் பிற்காலத்தில் குத்திய சிறு முத்திரைகள் சகஜம். அவற்றைக் குறையென்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. துருக்கியின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருள் ஏற்றுமதியைத் தடுக்கிறது. எனவே காசு முறைகேடாக வெளியேறியதல்ல என்று காட்டப் பழைய ஏலப் பட்டியல் படம் அவசியம். அந்தப் படத்தில் இருப்பது இதே காசுதானா என்று உறுதிசெய்ய, முத்திரையின் இடமும் விளிம்பு விரிசலுமே சிறந்த அடையாளம்.