சோடியம் செய்த தொல்லை

எங்கள் பள்ளி ஆய்வுகூடத்தில் சுவாலைச் சோதனை என்றாலே சேருக்குக் கோபம் வரும். செம்புக்குப் பச்சை, பொட்டாசியத்துக்கு ஊதா என்று பாடமாக்கி வைத்திருப்போம். உப்புத் தொட்ட கம்பியைச் சுவாலையில் பிடித்தால் எல்லாருக்கும் மஞ்சள்தான். "கம்பியைக் கையால தொட்டனியோ?" என்பார். விரல் வியர்வையிலுள்ள சோடியம் மற்ற நிறங்களை மூடிவிடும்.

அதே சோடியம் கனடாவிலும் என்னை விடவில்லை. ஹமில்ற்றன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1959 முதல் ஓர் அணு உலை இயங்குகிறது. அங்கே எனக்குக் கிடைத்த வேலை, விமான எரிபொருளில் நுண்ணளவு உலோகங்களைத் தேடுவது. ஜெற் ஏ-1 என்பது அடிப்படையில் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். தொண்ணூறுகளில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய யாழ்ப்பாணத்தாருக்கு அதை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விமானத்தில் அது எரியுமுன் இயந்திர எண்ணெயின் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். அந்தச் சூட்டில், நூறு கோடியில் சில பத்துப் பங்கு செம்பு இருந்தாலே எரிபொருள் விரைவாக ஒட்சியேறிப் பிசின் கட்டத் தொடங்கும்.

சில மில்லிலீற்றர் எரிபொருளைப் பொலித்தீன் குப்பியில் அடைத்துக் காற்றழுத்தக் குழாய்வழியே உலைக்குள் அனுப்புவோம். நியூத்திரன் பட்ட உலோகம் கதிரியக்கமாகும்; அது வீசும் காமாக் கதிரின் சக்தியை வைத்து ஆள் யார் என்று கண்டுபிடிக்கலாம். காபனும் ஐதரசனும் ஏறக்குறைய வாயே திறக்காது என்பதால் எரிபொருளுக்கு இது அருமையான முறை. வனேடியம் உலோகம் இப்படி மாறி வரும் வனேடியம்-52 இன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், 3.75 நிமிடம். குப்பி வந்ததும் ஓடவேண்டும்.

செம்புதான் பாடுபடுத்தியது. செம்பு-64 (அரைவாழ்வு 12.7 மணி) தெரிவது 511 கிலோ இலத்திரன்வோல்ற் சக்தியுள்ள காமாக் கதிரில். சோடியம்-24 (15 மணி) இன் 2754 காமாக் கதிரும் இலத்திரன்-பொசித்திரன் (நேரேற்றமுள்ள இலத்திரன்) சோடிகளை உண்டாக்கி, அந்தப் பொசித்திரன் அழியும்போது அதே 511 ஐப் பெருக்கிவிடும். கையுறை, நைத்திரிக் அமிலத்தில் கழுவிய குப்பி என்று எல்லாம் செய்து பார்த்தோம். அப்புறம் செம்பு-66 இன் பக்கம் போனோம். 5.1 நிமிடத்தில் பாதியாகும், 1039 இல் தெரியும். குறுகிய நேரமே கதிரேற்றுவதால் சோடியம் அவ்வளவாகத் தலைகாட்டாது.

ஈயம் மட்டும் இந்த முறைக்குச் சரிவராது. பிஸ்ரன் விமானங்களின் ஈயம் கலந்த பெற்றோலோடு வந்தவர்களை வேறு கூடத்துக்கு அனுப்பிவிடுவோம்.