ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கம்

2025 ஜூலை 6, ஞாயிறு

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே மணி பத்தரை. கட்டபெட்டு தாண்டி ஒரு காட்டெருமை நடுரோட்டில் நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்றது, டிரைவர் ஹாரன்கூட அடிக்காமல் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் கூடலூர் தம்பி எனக்கு முன்னாலேயே வந்து, ஈரச் சாக்ஸைக் கழற்றி அடுப்படிப் பக்கம் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். விடியற்காலை பஸ் பிடித்து ஊட்டியில் மாறி வர வேண்டும் அவன். எங்கள் மூன்று பேரில் அவனுக்குத்தான் தூரம் அதிகம், ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

இது ஐந்தாவது ஞாயிறு. இனி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் கோத்தகிரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், பகுதி நேரமாகக் கல்வியியலில் பிஎச்.டி. அக்கா எம்.எட். இரண்டாம் ஆண்டு, பிள்ளைகள் இரண்டும் வளர்ந்த பிறகு படிக்க வந்தவர், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான டிசம்பர் நெட் தேர்வுக்கும் தயாராகிறார். தம்பி முழுநேர ஆய்வாளர். மூன்று பேருக்கும் வேறு வேறு கல்லூரி, வேறு வேறு கைடு. கீழே இருக்கிற கல்லூரிக்கு நான் மாதம் ஒரு தடவை போனாலே அதிகம். மலையில் இருந்துகொண்டு ஆய்வு செய்கிறவர்களுக்குப் பெரிய கஷ்டம், அரைகுறையாக எழுதியதைக் காட்ட ஆள் இல்லாததுதான். கைடிடம் கொண்டுபோனால் சரியாக இருக்க வேண்டும். வீட்டில் காட்டினால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால் அக்கா போட்ட ஏற்பாடு இது: ஆளுக்கு இரண்டு பக்கம் கொண்டுவர வேண்டும், பாதியில் நின்றுபோனதானாலும் பரவாயில்லை. எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது, இன்னொருவர் அதைச் சத்தமாக வாசிப்பார். வாசிக்கிறவருக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியைப் பற்றித் தேர்வில் எத்தனை தடவை எழுதியிருக்கிறோம், துணைக்கு ஒருவர் இருந்தால் பிள்ளை தனியாக எட்ட முடியாததை எட்டும் என்று. அதை நமக்கும் பொருத்திப் பார்க்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஜூலை 9, புதன் இரவு

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போனில் கேட்டாள், கட்டுரை எல்லாம் எங்கே படிக்கிறீர்கள், காசு கேட்கிறதே என்று. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முதலில் ஷோத்கங்கா என்ற இணையதளம். நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும், அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். எல்லாரும் முன்னுரையைத் திறப்பார்கள், நான் நேராகப் பின்னிணைப்புக்குப் போவேன், அங்கேதான் வினாநிரல் முழுசாக இருக்கும். அடுத்தது எரிக், அமெரிக்கக் கல்வித் துறையுடையது, கல்வியியலுக்கென்றே உள்ள தளம். தேடும்போது முழுக் கட்டுரையும் கிடைப்பவை மட்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் பாதி எரிச்சல் போய்விடும். 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 13,000 இதழ்களுக்கு மத்திய அரசு சந்தா கட்டியிருக்கிறது, ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. என் கல்லூரி தனியார், அதனால் எனக்கு இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. படிக்கிற பாடம் ஒன்றுதானே? சரி, கட்டுரை கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே ஒரு மெயில் போடு என்றேன். நான் ஏழு பேருக்குப் போட்டேன், நான்கு பேர் அனுப்பினார்கள், ஒருவர் என் ஆய்வைப் பற்றி விசாரித்தும் எழுதியிருந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்கு நடந்தது மறக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கின் மேல் இருக்கிற மனப்பான்மையை அளக்க நானே ஒரு கருவி செய்திருக்கிறேன், 30 கூற்றுகள், ஐந்து புள்ளி அளவுகோல். முன்னோட்டமாக 60 பிள்ளைகளிடம் கொடுத்து வாங்கி, ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் பார்த்தால், கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.34. குறைந்தது 0.7 வேண்டும். மூன்று நாள் தூக்கம் இல்லை. கூற்றுகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும் என்றே முடிவு செய்திருந்தேன்.

அக்கா கருவியைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். பதினோராவது கூற்று, "கணக்கு நோட்டைத் திறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு முழுசா ஆமான்னு சொல்ற பிள்ளைக்கு நீ அஞ்சு மார்க்கா போட்டிருக்கே? கணக்கு பிடிச்ச பிள்ளைக்கும் அஞ்சு, வயிறு கலங்குற பிள்ளைக்கும் அஞ்சா?"

எதிர்மறைக் கூற்றுகள் 12. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும், ஐந்து ஒன்றாகும், நான்கு இரண்டாகும், ஆறிலிருந்து கழித்தால் போதும். இதெல்லாம் நான் படித்ததுதான், என் கருவியில் செய்யவில்லை. தம்பி லேப்டாப்பை வாங்கிப் பன்னிரண்டு கூற்றுகளின் மதிப்பெண்களையும் திருப்பினான். 0.82 வந்தது. நான் அழுதுவிட்டேன். அக்கா வர்க்கியும் டீயும் கொண்டுவந்து வைத்தார், யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கூடலூர்ப் பக்கம் கடும் மழை, தம்பி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அக்காவும் நானும் மட்டும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

ஜூலை 28, திங்கள்

நேற்றும் வரவில்லை. இரவு பதினொன்றரைக்குச் செய்தி வந்தது: "அக்கா, நான் நிறுத்திடலாம்னு இருக்கேன். கோச்சிங் சென்டர்ல வேலை இருக்கு." உடனே கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினான், பாதி நேரம் மழைச் சத்தம்தான் கேட்டது.

பணம் ஒரு காரணம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கொஞ்சத்தில் தவறியது, கிடைத்திருந்தால் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் பச்சைத் தேயிலையை நம்பி ஓடுகிறது, அந்த விலை எப்போது நிலையாக இருந்தது? அதைவிட, ஆய்வுக் கமிட்டியில் ஒருவர் இவன் களக் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, இதில் எண் எங்கே, கதையாக இருக்கிறதே என்று மூடி வைத்திருக்கிறார். அன்றிலிருந்து ஒரு வரி எழுதவில்லை, சரியாகத் தூங்கவும் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுத்தேன், அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. நாளைக்குக் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னான். எனக்கும் ஒரு காலத்தில் அந்த மாதிரி எண் யாராவது தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அக்காவும் நானும் கூடலூர் போனோம். நடுவட்டம் வளைவுகளில் எதிரே வருகிற லாரிகூடத் தெரியாத பனி. அவன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார், சாப்பிட்ட பிறகுதான் பேச்சு என்றுவிட்டார்.

அவன் குறிப்பு நோட்டை இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். பணியர் பிள்ளைகள் முதல் வகுப்பில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் அவன் தலைப்பு. அவர்கள் வீட்டு மொழி தமிழ் இல்லை, மலையாளத்துக்கு நெருக்கமான தனி மொழி. ஒரு பக்கத்தில்: டீச்சர் படத்தைக் காட்டி இது என்ன என்று மூன்று தடவை கேட்கிறார், பையன் தரையைப் பார்க்கிறான், பதிவேட்டில் 'பதில் இல்லை'. அடுத்த பக்கம், அதே நாள், சத்துணவு நேரம்: அதே பையன் தங்கச்சியிடம் அதே படத்தைப் பற்றித் தன் மொழியில் பேசிக்கொண்டே இருக்கிறான், கையை வேறு ஆட்டிக்காட்டுகிறான். பென்சிலில் நேரம் குறித்திருக்கிறான் தம்பி, 12.40 முதல் 12.51 வரை.

"இது கதை இல்லப்பா," என்றார் அக்கா. "இது தனியாள் ஆய்வு, எண்ணா இல்லாம விவரிச்சு எழுதுற பண்புசார் முறைன்னு ஒரு தாளே படிச்சோமே. முறையியல் அத்தியாயத்துல ஏன் இந்த வழின்னு நீ காரணம் எழுதல, அதான் அவர் அப்படிக் கேட்டார்." கேட்ட விதம் தப்பு, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் அக்கா சொன்னதும் சரிதான்.

அப்புறம் இன்னொன்று. முழுநேர ஆய்வு செய்கிற ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது. அவன் விண்ணப்பித்ததே இல்லை, யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கைடின் கையெழுத்து என்று என்னென்ன சேர்க்க வேண்டியிருக்கும் என அக்கா ஒரு தாளில் எழுதி அவன் நோட்டுக்குள் வைத்தார். இது தெரியாமலே எத்தனை பேர் படிப்பை விட்டுப் போயிருப்பார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒன்பதரைக்கே வந்துவிட்டான். கோச்சிங் வேலைக்கு ஞாயிறு முடியாது என்று சொல்லிவிட்டானாம், சனிக்கிழமை மட்டும் போகிறானாம். 14416க்கு இரண்டு தடவை பேசியதாக அவனாகவே சொன்னான், நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டு பக்கம் கொண்டுவந்திருந்தான், முறையியல் அத்தியாயம், கையெழுத்தில். இந்தத் தடவை வாசிக்கிற முறை எனக்கு. முதல் பக்கம் தடையில்லாமல் போனது. இரண்டாம் பக்கம் மூன்றாவது வரியில், "மௌனமும் ஒரு பதில் என்பதால்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன், அதற்குக் காரணம் எங்கேயும் சொல்லவில்லை. தம்பி வாயைத் திறக்கப் போனான், அக்கா கையைக் காட்டினார். பென்சிலை எடுத்து அந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டேன், மேலே வாசித்தேன்.

அடுத்த ஞாயிறு கோத்தகிரியில், எங்கள் வீட்டில்.