மாப்ள எப்ப வாராவ

ஆகஸ்ட் 7

அம்மா வந்து எறங்கியாச்சு. சூட்கேஸத் திறந்தா பாதிக்கு மேல புளியும் பொடியும்தான். இந்த மெக்சிகோ சிட்டியில மூலைக்கு மூலை புளித்தண்ணி விக்கான், புளியில மிளகாப்பொடி பெரட்டி மிட்டாய் விக்கான்னு சொன்னேன். நம்பல. "அது என்ன புளியோ"ன்னுட்டு டப்பா டப்பாவா அடுக்குதா.

ஆகஸ்ட் 8

அவன் வேலையா மான்டெர்ரேங்கற ஊருக்குப் போயிருக்கான்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ப்ராஜெக்ட் கோ-லைவ், மாசக் கடைசி வரைக்கும் வர முடியாதுன்னு.

ஆகஸ்ட் 10

வீட்டுக்குள்ளயே ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி உக்காந்திருந்தா பேச வேண்டி வரும், அதனால சனிக்கிழமை ஒரு டூர் போட்டுருவோம்னு உக்காந்து பாத்தேன். டாஸ்கோ நல்லாருக்கும், வெள்ளி ஊரு, போர்தான்னு ஒரு சுரங்க முதலாளி 1750கள்ல கட்டுன சான்டா ப்ரிஸ்கா கோயில், வெள்ளச் சுவரு ஓட்டு வீடுன்னு போட்டோல பாக்க அள்ளிக்கிட்டுப் போகும், ஆனா ஊரே மலைச் சரிவுல தொங்குது, அம்மா முட்டிக்கு சரிப்படாது. சான் மிகெல் தெ அயெந்தே போகவே நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், அது டூர் இல்ல தண்டனை. கடைசில புவெப்லா. 130 கிலோமீட்டர்தான், ரெண்டு மணி நேரத்துல போயிரலாம், ஊரு தரையில இருக்கு. கூட சோலூலாவும் தொனான்சின்ட்லாவும் அதே வேன்ல. சோலூலால மட்டும் பிரமிடு மேல ஏறணும், அதுக்கு எத்தன படின்னு யாருமே ஒழுங்கா எழுதல. ஒருத்தன் பாட்டி கூட ஏறலாம்ங்கான், இன்னொருத்தன் மூச்சு முட்டுச்சுங்கான். யாரு பாட்டி, எந்த ஊரு பாட்டின்னு சொல்ல வேண்டாமா.

எனக்கு புவெப்லா போகணும்னு வேற ஒரு காரணமும் இருக்கு. கதரீனா.

ஆகஸ்ட் 11

அம்மா அலமாரியத் தொறந்துட்டா. ஒரு பக்கம் வெறும் ஹாங்கரா தொங்குது. என்ன சொல்லன்னு தெரியாம "அங்க குளிரும்மா, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாரு"ன்னேன்.

ராத்திரி சாப்புடும்போது போன நீட்டுதா. "மான்டெர்ரே 37 டிகிரின்னு போட்டிருக்கேட்டி."

ஆபீஸ்ல ஏசி ஜாஸ்தின்னு சொன்னேன்.

ஆகஸ்ட் 13

தூக்கம் வரல. திரும்பவும் கதரீனாவப் பத்தியே வாசிச்சிட்டு இருக்கேன். மொகலாய ராஜ்ஜியத்துல பொறந்ததா சொல்ற ஒரு புள்ள, பேரு மிர்ரா, போர்ச்சுகீசியக் கொள்ளக்காரங்க தூக்கிட்டுப் போறாங்க, கொச்சியில வச்சு ஞானஸ்நானம் குடுத்து கதரீனா தெ சான் ஹுவான்னு பேர மாத்தி, மணிலால வித்து, அங்கருந்து கப்பல்ல அகாபுல்கோ, அங்கருந்து புவெப்லா. 1620 வாக்குல வந்திருப்பா. மணிலா கப்பல்ல வந்த அடிமைங்க அத்தன பேரையும் சீனாக்காரங்கன்னேதான் எழுதி வச்சிருக்கான், இவளும் சீனாக்காரி ஆயிட்டா. மிகெல் தெ சோசான்னு ஒரு கேப்டன் வாங்கியிருக்கான். அவன் சாகும்போது விடுதலை. அப்புறம் ஜெபம், தரிசனம், ஏழை பாழைக்கு உதவின்னு ஊரே மகான்னு கொண்டாடியிருக்கு. 1688 ஜனவரி 5ஆம் தேதி சாகுறப்ப 80 வயசத் தாண்டிருச்சாம், பொணத்து மேல இருந்த துணியக் கிழிச்சு எடுத்துட்டுப் போக அவ்வளவு கூட்டமாம். அவ பாவசங்கீர்த்தனம் கேட்ட ஜேசு சபை சாமியார் ஒருத்தர் 3 வால்யூம்ல அவ கதைய எழுதுனாரு, அதை இன்க்விசிஷன்காரன், அதான் மதத் தப்ப விசாரிக்குற சபைக் கோர்ட்டு, தடை பண்ணிட்டான். படம் வச்சுக் கும்பிடவும் தடை.

கடைசி வரைக்கும் ஸ்பானிஷ் அவளுக்கு சரியா வரலயாம். இன்னொரு சாமியார் எழுதுன வரலாறுல அவ பேசுன உடைஞ்ச ஸ்பானிஷ அப்படியே குடுத்திருக்காரு. எனக்கு அவளோட மத்த தரிசனம் எல்லாத்த விடவும் இதுதான் நம்புற மாதிரி இருக்கு.

அவ அம்மாவுக்கு யாராவது சொல்லியிருப்பாங்களா.

ஆகஸ்ட் 14

அவன் கால் பண்ணுனான், நாங்க பேசி வச்ச மாதிரி சாயங்காலம் 6 மணிக்கு. "அத்தை நல்லாருக்கீங்களா, பயணம் எப்படி, முட்டி வலி எப்படி இருக்கு, நான் வர முடியலயேன்னுதான் கஷ்டமா இருக்கு"ன்னு அப்படி ஒரு பேச்சு. பின்னால ஒரு வெள்ளச் சுவரு, எந்த ஊருன்னே தெரியாது. அம்மா மொகம் முழுக்க சிரிப்பு. கொஞ்சம் மோசமாப் பேசியிருந்தா கூட எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காது.

ஆகஸ்ட் 15

மழை. காலைல 7 மணிக்கு வேன்.

ஆகஸ்ட் 16

மணி ராத்திரி 11 ஆகுது, கால் ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ஆனா இன்னைக்கு எழுதலன்னா எழுதவே மாட்டேன்.

ரிஃபார்மா ரோட்டுல ஒரு ஓட்டல் வாசல்ல ஏத்துனாங்க. கொலம்பியாக்காரங்க ஒரு குடும்பம், ஜெர்மன் ஜோடி ஒண்ணு, தனியா வந்த ஒரு ஆளு. கைடு ஒரு வாக்கியம் ஸ்பானிஷ், அதையே திரும்ப இங்கிலீஷ், நாள் முழுக்க இதேதான். பட்டணத்த விட்டுத் தாண்டுனதும் ரோடு 3,000 மீட்டருக்கு மேல ஏறுது, பைன் காடு, ஒரே மஞ்சு. அம்மா சால்வைய தலையோட சேத்து மூடிக்கிட்டா. அப்புறம் எறக்கத்துல திடீர்னு வலது பக்கம் மேகம் வெலகி போபோகாதெபெத்ல் தெரிஞ்சுது, உச்சியில புகை. 5,400 மீட்டர் ஒசரம். இங்கத்த சனம் அந்த எரிமலைக்கு மரியாதையா டான் கோயோன்னு பேரு வச்சு, அவருக்குன்னு பொறந்த நாள் கூட கொண்டாடுதாங்கன்னு கைடு சொன்னாரு. அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. கொலம்பியாக்காரப் பையன் பாத்துட்டு அவனும் கும்பிட்டான்.

சோலூலா. பிரமிடுன்னு சொன்னா அம்மா எகிப்து மாதிரி எதிர்பாத்திருக்கா, எதுக்க இருக்குறது புல்லு மொளச்ச ஒரு குன்று, மேல மஞ்சக் கலர்ல ஒரு கோயில். கொள்ளளவுல பாத்தா ஒலகத்துலயே பெரிய பிரமிடு இதுதான், அடிப்பக்கம் ஒவ்வொண்ணும் 400 மீட்டருக்குக் குறையாது, செங்கல்லும் மண்ணுமா நூத்துக்கணக்கான வருஷம் ஒண்ணு மேல ஒண்ணா கட்டிக்கிட்டே போயிருக்காங்க. ஸ்பெயின் படையக் கூட்டிட்டு வந்த கோர்தெஸ் 1519ல இந்த ஊருக்குள்ள வந்து ஆயிரக்கணக்குல ஆளக் கொன்னான். அப்பவே இது மண்ணு மூடிப் போயி மலையாத்தான் கெடந்துச்சு. 1500கள் முடியறதுக்குள்ள அவங்க மாதா கோயில மேல வச்சுட்டான். 1931ல இருந்து உள்ள குடைஞ்சு குடைஞ்சு மொத்தம் 8 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டிப் பாத்திருக்காங்க. நான் பயந்த படி அப்படி ஒண்ணும் மோசமில்ல, கல்லு பாவுன சாய்வுப் பாதை, நடுவுல நடுவுல படி. அம்மா கைடையே முந்திக்கிட்டு ஏறிட்டா. மேல போயி மூச்சு வாங்கிட்டு, "மலைக்கு மேலன்னா நம்மூர்ல முருகன வைப்பாவ"ன்னா. அப்புறம் சத்தமா, "மாப்ள வந்திருந்தா ஒரு கையப் புடிச்சிருப்பாவ."

நான் போட்டோ எடுத்தேன். போட்டோ எடுக்குறப்ப பதில் சொல்ல வேண்டாம்.

தொனான்சின்ட்லா. இத எப்படி எழுத. வெளிய பாத்தா செவப்புல மஞ்ச ஓடு பதிச்ச ஒரு கிராமத்துக் கோயில், உள்ள போயி தலையத் தூக்குனா ஒரு எடம் கூட சும்மா விடல, சுண்ணாம்புச் சுதையில மூஞ்சி மூஞ்சியா, பழுப்பு நெறத்து தேவதைங்க, எறகுக் கிரீடம் வச்ச ஆளுங்க, மக்காச்சோளம், பழக்கொல, பூ. ஸ்பானியக்காரன் கேட்டது சொர்க்கம், கட்டுன கிராமத்துக் கொத்தனாருங்க அவங்க வயக்காட்டையும் தோட்டத்தையும் மேல ஏத்தி வச்சுட்டாங்க. முன்ன அங்க தொனான்சின்னு தாய்த் தெய்வத்தக் கும்பிட்டிருக்காங்க, அதே எடத்துல இப்ப மரியம்மா. உள்ள போட்டோ எடுக்கக் கூடாது. அம்மா வாசல்லயே ஷூவக் கழட்டிட்டா, கைடு பதறுதாரு, நான் விடுங்கன்னு கை காமிச்சேன். தரை சில்லுன்னு இருந்திருக்கும். கழுத்து வலிக்க மேலயே பாத்துக்கிட்டு நின்னா. அங்க இருந்த ஒரு பாட்டி பெஞ்சத் தட்டி உக்காரச் சொல்ல, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து மேல கை காட்டி என்னமோ பேசுதாவ, அது ஸ்பானிஷ், இது தமிழ். வெளிய வந்ததும் அம்மா சொன்னா, "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்."

சாப்பாடு புவெப்லால. மோலேங்கற கொழம்பு அம்மாவுக்கு ஆகாது, கோழித் தண்ணி ஊத்தித்தான் செய்தாங்க. ஆனா அதுல என்னென்ன போடுதாங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டா, காஞ்ச மிளகா மூணு நாலு வகை, எள்ளு, பாதாம், பட்டை, கிராம்பு, கிஸ்மிஸ், கருகுன ரொட்டி, கடைசியா சாக்லேட். "சாக்லேட்ட விட்டுட்டா நல்லாத்தான் இருக்கும்." சீசன்ங்கறதால எல்லா மேசையிலயும் சிலேஸ் என் நொகாதா, பச்ச மிளகா, வெள்ளச் சாறு, செவப்பு மாதுளைன்னு கொடி கலர்ல, அதுலயும் உள்ள கறி. அம்மாவுக்கு எள்ளு ஒட்டுன பன்னுல அவகாடோவும் சீஸும், அது பேரு செமிதா. உள்ள பாப்பலோன்னு ஒரு எல வச்சிருந்தான், வாசம் கொஞ்சம் மூஞ்சில அடிக்கிற மாதிரி. அதையும் விடாம தின்னுட்டா.

அப்புறம் தலவேரா கடை. மண்ணுச் சட்டிய ஒரு தடவ சுட்டு, வெள்ள மெருகு பூசி, அது மேல நீலம் மஞ்சள்னு வரைஞ்சு திரும்பச் சுடுதாங்க, வேலைய பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா முக்கா மணி நேரம் அங்க நிறுத்திட்டு பலஃபோக்ஸ் லைப்ரரிக்கு கால் மணி நேரம் குடுத்தா என்ன நியாயம். எல்லா கைடும் எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான். அந்த லைப்ரரி 1646ல ஹுவான் தெ பலஃபோக்ஸ்ங்கற பிஷப்பு தன்னோட 5,000 புத்தகத்தக் குடுத்து ஆரம்பிச்சது, வாசிக்கத் தெரிஞ்ச யாரும் வரலாம்னு. இப்ப 45,000 இருக்கு. மூணு அடுக்கு மர அலமாரி, தேவதாரு வாசம், கம்பி வலைக்குப் பின்னால தோல் அட்ட புத்தகம். அம்மா ஹெட்மிஸ்ட்ரெஸா இருந்து ரிட்டயர் ஆனவ, மொதக் கேள்வியே "இத யாரு தூசி தட்டுதா?" ரொசாரியோ கப்பேளாங்கற சின்னக் கோயில்ல வேற கணக்கு. 1690ல முடிச்சது, சுவரு கூரை தூணு எல்லாம் தங்க ரேக்கு. "எத்தன பவுன் இருக்கும்"னு கேட்டா, ரேக்கு ரொம்ப மெல்லிசும்மான்னா, "மெல்லிசா இருந்தாலும் பவுன் பவுன்தான்".

கடைசியா நான் காத்துக்கிட்டு இருந்த எடம், லா கம்பான்யியா கோயில். கதரீனாவ இங்கதான் அடக்கம் பண்ணுனது. கைடு வழக்கம் போல சைனா பொப்லானா டிரஸ்ஸு கதைய ஆரம்பிச்சாரு, ஜிகினா வச்ச பாவாடை, எம்பிராய்டரி போட்ட வெள்ளச் சட்டை, அத கொண்டாந்தது இவதான்னு. எனக்கு எரிச்சல். அந்த டிரஸ்ஸு 1800கள்ல வந்தது, இவ நாள் முழுக்க கறுப்புத் துணியச் சுத்திக்கிட்டு ஜெபம் பண்ணுன பொம்பள. அவ செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க. சொல்லலாமான்னு வாயத் தொறக்குறதுக்குள்ள அம்மா கைடு கிட்ட இங்கிலீஷ்ல கேட்டுட்டா, அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சான்னு.

ஆச்சுன்னாரு. தொமிங்கோன்னு, அவனும் ஆசியால இருந்து வந்த அடிமை. ஆனா பேருக்குத்தான் புருஷன் பொண்டாட்டி, சேந்து வாழல, கிட்டயே விடல அவ.

அம்மா "ம்"னா. கொலம்பியாக்காரங்க சிரிச்சாங்க. நான் சுவத்துல இருந்த படத்தப் பாத்துக்கிட்டு நின்னேன், என்ன படம்னு இப்பக் கேட்டா தெரியாது.

திரும்பி வர்ற வழியெல்லாம் மழை, வேன்ல எல்லாரும் தூக்கம். அம்மா தூங்கல. சர்க்கரவள்ளிக் கெழங்கு மிட்டாய் வாங்குனோம்ல, அதுல ஒண்ணப் பிரிச்சு பாதி எனக்குக் குடுத்தா. "அவன் எங்க போனான்?"ன்னா. எவன்னேன். "அந்தக் கதரீனா புருஷன்." முன்னாடியே செத்துட்டான்மான்னேன். "அதுக்கப்புறமும் அவ நல்லாத்தான இருந்திருக்கா"ன்னா.

இத எப்படி எடுத்துக்கணும்.

ஆகஸ்ட் 17

முட்டி வீங்கிருச்சு. ஐஸ் வச்சோம். "பிரமிடு பாத்தாச்சுல்லா"ன்னு பெருமை வேற. ஊருக்கு போன் போட்டு சித்திகிட்ட, எரிமலை, தங்கக் கோயில், சாக்லேட் கொழம்புன்னு ஒரு மணி நேரம். மாப்ளயப் பத்தி சித்தி கேட்டிருப்பா போல, "அவுக வேலையா வெளியூர் போயிருக்காவ"ன்னு சொல்லுதா, என்னப் பாக்காமயே.

ஆகஸ்ட் 18

தெரியும். அம்மாவுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 19

தெரியாது. இன்னைக்கு அவனுக்குன்னு நல்லெண்ணெய் விட்டுப் புளிக்காய்ச்சல் கிண்டி பாட்டில்ல போட்டு வச்சிருக்கா, கெடாம ஒரு மாசம் இருக்குமாம். எல்லாப் புளியும் எதுக்கு வந்துச்சுன்னு இப்பதான் புரியுது. சொல்லிரலாம்னு அடுப்பங்கரைக்குப் போனேன், "ஏட்டி அந்தக் கரண்டிய எடு"ன்னா, எடுத்துக் குடுத்துட்டு வந்துட்டேன்.

ஆகஸ்ட் 21

சாப்புட்டுட்டு இருக்கும்போது கேக்கா, அந்த வேன்காரன் மான்டெர்ரேக்கும் கூட்டிட்டுப் போவானான்னு.

அங்க பழைய கோயில் அவ்வளவா இல்லம்மா, ஃபேக்டரி ஊரு, 900 கிலோமீட்டர், பஸ்ல 12 மணி நேரம், உன் முட்டி தாங்காதுன்னேன்.

ஃப்ளைட்ல எவ்வளவு நேரம்ங்கா.