ஈரக்காற்றும் 300 கிலோஹெர்ட்ஸும்

புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் லினாக் இயந்திரம் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் 6 எம்.வி. (60 லட்சம் வோல்ட்) இயந்திரத்தில் எலக்ட்ரானை முடுக்கும் பகுதி சுமார் 30 செ.மீ.தான், பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். வரிசையாகக் கோத்த செம்புக் கேவிட்டிகள், அதாவது உள்ளீடற்ற சிறு அறைகள், நடுவே ஒரு துளை. மொத்தத்தையும் குழாய் என்போம். அந்தச் செம்புக்குச் சுருதி சேர்ப்பதுதான் சில வருடம் என் பிழைப்பு.

எங்கள் குழாய்க்குச் சுருதி, அதாவது அது அதிர வேண்டிய அதிர்வெண், 2998 மெகாஹெர்ட்ஸ். எவ்வளவு பார்த்துக் கடைந்தாலும் துண்டுகளைப் பற்றவைக்கும் பிரேசிங் உலையிலிருந்து வெளியே வந்ததும் ஒவ்வொரு கேவிட்டியும் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். அதனால் வேண்டுமென்றே அதிர்வெண் கொஞ்சம் குறைவாக வரும்படி கடைவோம். அப்புறம் வெளிச்சுவரில் மெலிதாக விட்ட இடத்தில் மழுங்கிய பன்ச்சை வைத்து ஒரு தட்டு. சுவர் உள்ளே அமுங்க அமுங்க அதிர்வெண் ஏறும். மிருதங்கக்காரர் கல்லை வைத்துத் தட்டுகிற அதே வேலை. அவர் சுருதியை இறக்கவும் செய்வார். எங்களுக்கு ஏற்ற மட்டும்தான் வழி.

சரியாக வந்ததா என்று பார்க்க, தூண்டில் நரம்பில் கடுகளவு உலோக மணியைக் கோத்துத் துளை வழியே மெதுவாக இழுப்போம். மின்புலம் பலமாக உள்ள இடத்தில் மணி அதிர்வெண்ணை அதிகம் அசைக்கும். திரையில் மேடு மேடாக வரும். எலக்ட்ரான் நுழைகிற பக்கத்து ஓரிரண்டைத் தவிர, மற்ற மேடுகள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.

ஒரு ஜூலை மாதம், வெளியே விடாத மழை. லேபில் ஏசி படுத்துவிட்டது. ஜன்னலைத் திறந்துவைத்து, அளக்கும்போது குழாய்க்குள் விட வேண்டிய உலர்ந்த நைட்ரஜனின் சிலிண்டரை மாற்றச் சோம்பல்பட்டு, ஒரே மூச்சில் எல்லாக் கேவிட்டியையும் தட்டி முடித்தேன். மறுநாள் உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டதும் அதிர்வெண் 300 கிலோஹெர்ட்ஸ் மேலே போய் நின்றது. ஈரக்காற்று அதிர்வெண்ணைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. அதை நம்பி நான் கூடுதலாக அமுக்கியிருக்கிறேன். பிதுக்கி எடுக்க முடியாது. வயிற்றைக் கலக்கியது.

சீனியர் சார் மேடுகளை மட்டும் பார்த்தார். உயரம் மாறவில்லை.

“எல்லாத்தையும் ஒரே நாள்லதானே தட்டினே?”

“ஆமா சார்.”

“அப்ப விடு. தண்ணியை ஆறு டிகிரி ஏத்திக்கலாம்.”

தண்ணி என்றது, ஓடும்போது குழாயின் சூட்டை ஒரே அளவில் வைக்கும் தண்ணீரை. செம்பு சூட்டில் விரியும். டிகிரிக்கு 50 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். பாதியை அன்றும் மீதியை மறுநாளும் தட்டியிருந்தால் மேடுகள் கோணிப்போய், குழாயே குப்பைக்குப் போயிருக்கும். 34 டிகிரியில் ஓட வேண்டிய குழாயின் மேல் மார்க்கரால் 40 என்று எழுதினார். பக்கத்திலேயே, சின்னதாக, ‘மழை’ என்றும்.