பங்கசு நுரையீரல் தொற்றின் குருதிக் குறிகாட்டிகளைப் பரீட்சைக்குப் படித்த விதம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கின்ற தம்பி, தங்கைமார் நுண்ணுயிரியல் பரீட்சை நெருங்கும்போது என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பங்கசுக்களிலிருந்து குருதிக்குள் வரும் இரு பொருட்களான கலக்ரோமன்னனுக்குச் சுட்டெண் 0.5, பீற்றா-டி-குளுக்கனுக்கு மில்லிலீற்றருக்கு 80 பிகோகிராம் என்ற, நேர்மறை தொடங்கும் எல்லைப் பெறுமானங்களை மனனம் செய்தால் போதுமா என்பதே அது. சிறுகுறிப்பு வினாவுக்கு ஓரளவு போதும். நோயாளரின் விபரத்தைத் தந்து பெறுபேற்றுக்கு விளக்கம் கேட்கும் வினாவுக்குப் போதாது. நான் படித்த ஒழுங்கு வேறு: எந்தப் பங்கசு, அது எந்த மூலக்கூறை வெளிவிடுகிறது, அந்த மூலக்கூறு யாருடைய குருதியில் நிலைத்திருக்கும் என்பன முதலில், எண் கடைசியில்.

கலக்ரோமன்னன் என்பது அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சண வகைப் பங்கசின் கலச்சுவரிலுள்ள பல்சக்கரைட்டு; பங்கசு இழைகள் வளரும்போது வெளியேறுகிறது. நடுநிலைநாடிகள் (தொற்றை எதிர்க்கும் ஒருவகை வெண்குருதிக்கலங்கள்) நீண்ட நாட்களாகக் குறைந்திருக்கும் நோயாளரில் இழைகள் நுரையீரலின் குருதிக்கலன்களைத் துளைத்துச் செல்வதால் அது குருதியில் எளிதாகச் சேர்கிறது. ஆனால் ஸ்டீரொய்ட் மருந்து எடுப்பவரிலோ, கடும் இன்புளுவென்சாவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரிலோ தொற்று சுவாசப்பாதையை ஒட்டியே நிற்கலாம். இருக்கின்ற நடுநிலைநாடிகளும் கலக்ரோமன்னன் என்ற அந்தப் பிறபொருளெதிரியாக்கியை (உடலின் எதிர்ப்பைத் தூண்டும் பொருளை) அகற்றிவிடுகின்றன. இத்தகையோரில் குருதிச் சோதனை எதிர்மறையாக வந்தாலும் நோய் இல்லை என்று எழுதக்கூடாது. மூச்சுக்குழாய்க் கழுவல் திரவத்தைச் சோதிக்கவேண்டும் என்று எழுதவேண்டும்.

எண்ணைப் பொறுத்தவரை ஒரு கணக்கைக் கையால் செய்து பாருங்கள். இதைச் செய்யாமல் இந்தப் பாடம் விளங்காது என்பது என் கருத்து. சோதனையின் உணர்திறன் (நோயுள்ளவரில் நேர்மறையாக வரும் வீதம்) 70 சதவீதம், தனித்துவம் (நோயற்றவரில் எதிர்மறையாக வரும் வீதம்) 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தெல்லிப்பளையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று, நடுநிலைநாடிகள் குறைந்து, காய்ச்சல் தணியாதிருப்போர் போன்ற ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய் இருந்தால், உண்மை நேர்மறை 70, பொய் நேர்மறை 90. நேர்மறையான பெறுபேறு சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 44 சதவீதம். அதே சோதனையை ஆயிரத்தில் பத்துப் பேருக்கே நோயுள்ள கூட்டத்தில் செய்தால் அந்த வாய்ப்பு 7 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. பொசகொனசோல் போன்ற பங்கசுத் தடுப்பு மருந்து எடுத்து, அதனால் நோய் அரிதாகிவிட்டோரில் வழமையான கண்காணிப்புச் சோதனையாக இதைச் செய்யவேண்டாம் என்று 2016ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல் கூறுவதன் காரணமும் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

பீற்றா-டி-குளுக்கன் பல பங்கசுக்களுக்குப் பொதுவானது. குதிரைலாட நண்டின் குருதிக்கலங்களிலிருந்து எடுக்கும் சாற்றைக் கொண்டு அளக்கப்படுகிறது. நேர்மறை எந்தப் பங்கசு என்று சொல்லாது. செலுலோசு மென்சவ்வுடன் குருதிச் சுத்திகரிப்புச் செய்தவர், இம்யூனோகுளோபுலின் அல்லது அல்புமின் ஏற்றப்பட்டவர், சத்திரசிகிச்சையில் பருத்தித்துணி வைக்கப்பட்டவர் ஆகியோரில் பொய்யாக உயரலாம். அதன் பெறுமதி எதிர்மறையில்தான் கூடுதலாகத் தெரியும்: எச்.ஐ.வி. தொற்றுள்ளவரில் நியூமோசிஸ்டிஸ் என்ற பங்கசினால் வரும் நியூமோனியாவைச் சந்தேகிக்கும்போது குறைந்த பெறுமானம் அந்த நோய் இருக்கும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கிறது.

கிரிப்டொகொக்கஸ் என்ற மதுவ வகைப் பங்கசின் பிறபொருளெதிரியாக்கிக்கான பட்டிச் சோதனை எளிது. அதில் அதிக நேரம் செலவிடவேண்டாம். காசநோய் குணமான பின் எஞ்சிய நுரையீரல் குழியில் நீண்டகால அஸ்பெர்ஜிலஸ் தொற்று ஏற்பட்டால் தேடவேண்டியது பங்கசுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஐ.ஜி.ஜி. வகைப் பிறபொருளெதிரியையே, கலக்ரோமன்னன் அங்கே குருதியில் பெரும்பாலும் கிடைக்காது. ஆஸ்துமாவுடன் வரும் ஒவ்வாமை வகைக்கு ஐ.ஜி.ஈ. வகைப் பிறபொருளெதிரியைப் பார்க்கவேண்டும்.

மாணவர்கள் அதிகம் தவறவிடும் பகுதி மியூக்கோர் வகைப் பங்கசுக்கள். கலக்ரோமன்னன், பீற்றா-டி-குளுக்கன் ஆகிய இரண்டு சோதனைகளும் இவற்றைப் பிடிப்பதில்லை. ஆகவே கட்டுப்பாடற்ற நீரிழிவுள்ள ஒருவரின் சி.ரி. படத்தில் சந்தேகத்துக்குரிய மாற்றம் இருந்து, இரண்டும் எதிர்மறை என்று வினாவில் தரப்பட்டால், இழையத்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பதையும், வசதியுள்ள இடத்தில் குருதியில் மியூக்கோரின் டி.என்.ஏ.யைத் தேடும் பி.சி.ஆர். சோதனையையும் அடுத்த படியாக எழுதுங்கள்.