அம்மாவின் புள்ளடி

2013 இலங்கை வடமாகாண சபைத் தேர்தலில் அம்மாவை வாக்குப் போட வைத்த கதை இது. போட்டது பத்து நிமிடம்தான், அதற்கு அலைந்தது ஒரு மாதத்துக்கு மேல்.

அம்மாவின் அடையாள அட்டை 2009 மேயில், போரின் கடைசி நாள்களில், முல்லைத்தீவில் வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது பையோடு போய்விட்டது. அப்புறம் வவுனியாவில் மெனிக் பாம் அகதி முகாம். 2012 செப்டம்பரில் அந்த முகாமை மூடியபோது கடைசியாக ஏற்றிய எங்கள் கேப்பாப்புலவு ஊர்ச் சனத்தில் நாங்களும் இருந்தோம், ஆனால் எங்கள் காணியில் இராணுவம் இருந்ததால் பக்கத்தில் காட்டை வெட்டி, மாதிரிக் கிராமம் என்று பெயர் வைத்து அங்கே இறக்கிவிட்டார்கள்.

புது அட்டை எடுக்கப் போனால் பிறப்புப் பதிவு இல்லை, பொலிஸ் முறைப்பாடும் வேண்டும் என்றார்கள். பொலிஸில் எங்கே தொலைந்தது என்று கேட்டவர் நாங்கள் சொன்னதைச் சிங்களத்தில் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாமலே அம்மா கையெழுத்து வைத்தார். அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. நல்ல வேளை, வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது. "வாக்குக்கு மட்டும் எண்டால் தற்காலிக அட்டை காணும், ரெண்டு படம் கொண்டு வாங்கோ" என்று கிராம அலுவலர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 21. அன்று காலை யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை மாதிரியே போலி ஒன்று அடித்து, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் ஒருவர் அரசு பக்கம் போய்விட்டார் என்று பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் அது வரவில்லை. அம்மா கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி (X) போட்டு, அதன் வேட்பாளர்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போட்டு, மை பூசிய சின்னிவிரலை வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தார்.

38 இடத்தில் 30 எங்களுக்கு. விக்னேஸ்வரன் ஐயா முதலமைச்சர். ஆளுநராக இருந்தவரோ ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி, மாகாண சபைக்கான காணி, பொலிஸ் அதிகாரம் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுத்தாக இருந்ததோடு சரி. காணி விசயமாக ஒரு உறுப்பினரிடம் போய்வந்த அம்மா, "பாவம், அவையளிட்டயும் திறப்பு இல்லை" என்றார். 2018 ஒக்டோபரில் சபையின் காலமும் முடிந்தது, அடுத்த தேர்தல் தள்ளிக்கொண்டே போகிறது.

2017இல் காணி கேட்டுச் சனம் தெருவோரம் கொட்டில் போட்டு இருந்தபோது அம்மாவும் போய் இருந்தார். ஒருவழியாக வந்து சேர்ந்த புது அடையாள அட்டையைச் சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார், ஆமி கேட்டால் காட்ட.